பத்திரம் பதிய டோக்கன் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 580-க்கும் மேற்பட்ட சார் பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. வீடோ மனையோ வயலோ, வாங்கினாலும் விற்றாலும் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தாலும் கடைசியில் அவற்றில் ஒன்றின் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்ததிலிருந்து அந்த வாசலுக்குப் போகும் முன்பே பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நாளும் நேரமும் பதிந்து டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை மட்டும் பத்திர ஆபீசுக்குப் போகிறவர்களுக்காக, அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

டோக்கன் போடாமல் நேரே போனால் பதிய மாட்டார்களா?

மாட்டார்கள். உங்கள் பத்திரம் முதலில் கணினிக்குள் இருக்க வேண்டும், அதற்கு ஒரு தற்காலிக எண் விழுந்திருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு ஒரு தேதியும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால்தான் சார் பதிவாளரின் திரையில் உங்கள் பத்திரம் வரும். பழைய முறையில் காலையில் யார் முந்தினார்களோ, யாருக்கு உள்ளே ஆள் தெரியுமோ அவர்கள் வேலை முதலில் முடியும். மற்றவர்கள் சாயங்காலம் வரை வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள். இப்போது வரிசை எண் சுவரில் மாட்டிய திரையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓடுகிறது. அது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டோக்கன் நேரத்தை மட்டும்தான் தரும், பத்திரத்தைச் சரி செய்து தராது. இந்தப் பக்கத்தில் வரும் பாதிப் பிரச்சினைகள் இது புரியாததால் வருபவைதான்.

டோக்கன் போடும் முன் என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

முதலில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் இதுவரை பதிவான பத்திரங்களின் பட்டியல், பாருங்கள். அதே தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், கையெழுத்திட்ட சான்று வேண்டுமானால்தான் கட்டணம். சர்வே எண், உட்பிரிவு, கிராமத்தின் பெயர் மூன்றும் மூலப் பத்திரத்திலும் பட்டாவிலும் வில்லங்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். பழைய பத்திரத்தில் ஒரு சர்வே எண், பிறகு நில அளவை மாறியதால் பட்டாவில் வேறொன்று என்பது சர்வ சாதாரணம். அது தவறு இல்லை, ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.

அப்புறம் வழிகாட்டி மதிப்பு, அதாவது கட்டணத்தைக் கணக்கிட அரசு இடத்துக்குக் குறித்து வைத்திருக்கும் மதிப்பு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (2017-ல் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தி வழிகாட்டி மதிப்பைக் குறைத்தார்கள். 2023-ல் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்க் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் நிறையப் பேர் 11 சதவீதம் என்கிறார்கள்.) குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட் எழுதினால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இது தெரியாமல் முழுக் கட்டணத்தையும் கட்டிவிடாதீர்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

இதெல்லாம் ஆனபிறகு தளத்தில் விவரங்களை உள்ளிட வேண்டும்: எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து விவரம், நான்கு எல்லை, தொகை. காலி மனையோ கட்டடமோ, இருக்கும் இடம் பதிவாகிற மாதிரி எடுத்த சொத்தின் புகைப்படமும் பத்திரத்தோடு சேர வேண்டும். எல்லாம் சேர்ந்ததும் தற்காலிக எண் வரும், பணம் கட்ட வேண்டும், அதன்பிறகு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். டோக்கன் போடுவது இந்த வேலையில் கடைசிப் படி. வெளியில் பேசும்போது மட்டும் அதுதான் முதல் படி மாதிரி ஆகிவிட்டது. முதலில் முகூர்த்தம் குறித்து டோக்கனைப் போட்டுவிட்டுப் பிறகு பத்திரத்தைச் சரி செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

ஆவண எழுத்தரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். எனக்கு எதற்குத் தனி லாகின்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம்.

ஆவண எழுத்தரிடம் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நல்ல எழுத்தர் ஊரின் சர்வே வரலாறு முழுவதையும் தலையில் வைத்திருப்பார். எந்தத் தெரு எந்தக் கிராமத்தில் வருகிறது, எந்த உட்பிரிவில் கோயில் நிலம் கலந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குக் கொடுக்கும் கூலி நியாயமான கூலிதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. விவரங்களை அவருடைய லாகினில் ஏற்றி, போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் அவருடைய நம்பரையோ கடைப் பையன் நம்பரையோ போட்டுவிட்டால், உங்கள் சொத்தைப் பற்றித் துறை அனுப்பும் எந்தத் தகவலும் உங்களுக்கு வராது. டோக்கன் எத்தனை மணிக்கு என்று நீங்கள் அவரைக் கேட்க வேண்டும், எவ்வளவு தீர்வை கட்டினார் என்பதையும் அவர் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் நிலத்துக்கு இது சரியான ஏற்பாடு இல்லை.

தளத்தில் குடிமக்கள் என்ற வகையில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் கணக்கிலேயே விவரங்களை ஏற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய கணக்கில்தான் செய்வேன் என்றால் அதுவும் சட்டப்படி தவறில்லை, ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போன் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும். பணம் கட்டிய ரசீதும் முன்பதிவுச் சீட்டும் அச்செடுத்து உங்கள் கைக்கு வர வேண்டும். கடைசி வடிவத்தை, கையெழுத்துப் போடும் அன்று காலையில் அவசரமாக இல்லாமல், முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நீங்களே வரி வரியாக வாசித்திருக்க வேண்டும். அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறினால் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாகப் பதிய வேண்டிவரும், அதற்கும் இதே எழுதிக் கொடுத்தவர் திரும்ப வர வேண்டும், அவர் அப்போது எந்த ஊரில் இருப்பாரோ, இருப்பாரோ மாட்டாரோ.

படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து கொடுங்கள்.

எந்த அலுவலகத்துக்கு டோக்கன் போடுவது? வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் போடலாமா?

நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி, சொத்து எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும். கோவையில் குடியிருந்துகொண்டு தென்காசிப் பக்கம் நிலம் வாங்கினால் தென்காசிப் பக்கம்தான் போக வேண்டும். தெருப் பெயரோ கிராமத்தின் பெயரோ கொடுத்தால் எந்த அலுவலகம் என்று தளமே காட்டும். எல்லைகளை அவ்வப்போது பிரிக்கிறார்கள், புது அலுவலகங்கள் வருகின்றன, அதனால் பழைய பத்திரத்தில் இருக்கும் அலுவலகப் பெயரை அப்படியே நம்பிப் போய்விடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன்? முகூர்த்த நாளில் ஏன் கிடைப்பதே இல்லை?

ஒரு சார் பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமாக 100, இரண்டு பேர் உள்ள அலுவலகத்துக்கு 200. முகூர்த்த நாள் நெருங்கும்போது துறை தனியாக அறிவிப்பு வெளியிட்டு இதை 150, 300 என்று கூட்டுவது வழக்கம். ஆவணி, தை மாதங்களிலும் ஆடிப்பெருக்கு, தைப்பூசம் போன்ற நாட்களிலும் அப்படியும் போதாது. ஆடி மாதம் முழுக்க ஆளே வராத அலுவலகம் ஆடிப்பெருக்கு அன்று திருவிழாக் கூட்டமாக இருக்கும். விடுமுறையில் வரும் ஆடிப்பெருக்கு, தைப்பூசம், சித்திரை முதல் நாள் போன்ற நாட்களில் கூடுதல் கட்டணத்தோடு பதிவு செய்ய அலுவலகத்தைத் திறந்து வைக்கிறார்கள். சில அலுவலகங்கள் சனிக்கிழமையும் இயங்குகின்றன.

நாளில் பிடிவாதம் இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி உண்டு. முகூர்த்த நாளுக்கு இரண்டு நாள் தள்ளி ஒரு சாதாரண வேலை நாளைப் பாருங்கள், விரும்பிய நேரம் கிடைக்கும், அலுவலகத்தில் பொறுமையாகவும் பேசுவார்கள். நாள் பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. முகூர்த்தத்தன்று அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கிரயத்தைக் கூட்டமில்லாத நாளில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

தட்கல் என்கிறார்களே, அது என்ன?

அவசரத்துக்கு 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வாங்கும் டோக்கன். பதிவு அதிகம் நடக்கும் 100 அலுவலகங்களில் நாளொன்றுக்கு 12 இருக்கும், முகூர்த்த நாள் அறிவிப்பு வந்தால் மேலும் 4 சேரும். அடுத்த நாளே விமானம் ஏற வேண்டிய ஆள், வங்கிக் கடன் உத்தரவு முடியப்போகிற ஆள், இவர்களுக்கு அது உதவி. இந்த 5,000 அரசுக்குத் தளத்தின் வழியாகப் போகிற பணம், ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யாராவது 'தட்கலுக்கு' என்று கையில் கேட்டால் அது தட்கல் இல்லை.

ராகு காலத்தில் டோக்கன் விழுந்துவிட்டது, என்ன செய்வது?

நேரப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரையும், புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரையும் ராகு காலம் என்பதாலும், திங்களன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை எமகண்டம் என்பதாலும் அந்தப் பிரிவுகள் காலியாகக் கிடப்பதுண்டு. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அவைதான் வசதி. நம்பிக்கை உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டோக்கனில் போட்டிருக்கும் நேரத்தில்தான் உங்கள் பத்திரம் மேசைக்குப் போகும் என்று உறுதி கிடையாது, பத்து மணி நல்ல நேரம் என்று வந்தவருக்குக் கைரேகை வைக்கும்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கலாம். அதனால் பல குடும்பங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை நல்ல நேரத்தில் வைத்துக்கொண்டு, பதிவை அது நடக்கிற நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

டோக்கனில் 10 மணி. ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அப்படியானால் டோக்கன் எதற்கு?

கோபம் நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்து மணி முதல் ஐந்து மணி வரை ஏழு மணி நேரம், அதாவது 420 நிமிடம். 100 டோக்கன் என்றால் ஒரு பத்திரத்துக்கு நாலு நிமிடம் சொச்சம், சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காமலே. 150 ஆக்கினால் மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த நாலு நிமிடத்துக்குள் மூலப் பத்திரத்தையும் அடையாள அட்டைகளையும் பார்த்து, தீர்வை சரியா என்று பார்த்து, எழுதிக் கொடுத்தவரிடம் 'நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா, பணம் வந்துச்சா' என்று கேட்டு, எல்லோரையும் படம் எடுத்து, கைரேகை வாங்கி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி முடிக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கும் கிரயத்துக்கு இது ஏதோ முடியும். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஒன்பது பேர் வந்து நிற்கும் பாகப்பிரிவினைக்கும் ஒரே டோக்கன்தான், அதுவே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். நடுவில் சர்வர் மெதுவானாலோ, வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து கருவி எடுக்க மறுத்தாலோ, பின்னால் இருக்கும் எல்லோருக்கும் தள்ளிப்போகும்.

இதற்கு மக்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், பெரும்பகுதி அரசு செய்ய வேண்டியது. டோக்கன் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் காத்திருப்பு குறையாது, அலுவலகத்துக்குள் கூட்டம்தான் கூடும். கூடுதல் ஆள், கூடுதல் கருவி, பத்திரத்தில் எத்தனை பேர் கட்சிக்காரர்கள் என்பதைப் பொறுத்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு, இவை வேண்டும். பாகப்பிரிவினைக்கும் ரசீதுப் பத்திரத்துக்கும் ஒரே அளவு நேரம் என்று கணினி நினைத்துக்கொண்டிருக்கும்வரை பத்து மணி டோக்கன் ஒரு மணிக்குத்தான் வரும். 2021-ல் சார் பதிவாளர்கள் உட்கார்ந்திருந்த உயரமான மேடையையும் தடுப்பையும் அகற்றி, மக்களுக்குச் சமமான தளத்தில் உட்காரச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அந்த அக்கறை நேரத்திலும் வர வேண்டும். காத்திருப்பவர்களில் கைக்குழந்தையோடு வந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: எல்லோரும் அரை மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள், காகிதங்களை அடுக்கி வையுங்கள், திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். உங்களுக்குப் பின்னால் உள்ள எண் வெளிப்படையான காரணம் இல்லாமல் முந்திப் போனால் போய்க் கேளுங்கள். கேட்பதற்காகத்தான் எண் இருக்கிறது.

அன்றைக்கு யார் யார் வர வேண்டும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

சொத்து கைமாறும் பத்திரம் என்றால் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருடைய படமும் கைரேகையும் வேண்டும், சட்டத்தின் 32-ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. கூடவே இரண்டு சாட்சிகள், அடையாள அட்டையோடு. அச்செடுத்துக் கையெழுத்திட்ட பத்திரம், மூலப் பத்திரத்தின் அசல், பட்டா, ஆதார், பான் அட்டை, பணம் கட்டிய ரசீது, முன்பதிவுச் சீட்டு. நகல்கள் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலக வாசல் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு அலைமோதும். வாங்குபவராக இருந்தால் அன்று காலையில் இன்னொரு தடவை வில்லங்கம் பாருங்கள், நேற்று சாயங்காலம் யாராவது வேறு பத்திரம் பதிந்திருந்தால் தெரிந்துவிடும்.

பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி இருந்தால் இரண்டையும் 'என்கிற' என்று சேர்த்துப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

டோக்கன் நாளில் போக முடியவில்லை. பணம் போய்விடுமா?

போகாது. கட்டிய தொகை தற்காலிக எண்ணோடு நிற்கும், வேறு நாளுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது வேறு ஒரு கெடு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும், இது 23-ஆம் பிரிவு. அது தாண்டினால் 25-ஆம் பிரிவின் கீழ் மாவட்டப் பதிவாளரின் அனுமதியோடு மேலும் 4 மாதம் உண்டு, ஆனால் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விழலாம். அதையும் தாண்டினால் புதிதாக எழுத வேண்டியதுதான். ஆகவே நாள் உறுதியாகும்வரை பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் யோசனை.

பணம் கழிந்துவிட்டது, ஆனால் டோக்கன் வரவில்லை.

உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள். வங்கிக் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு தளத்தில் பணப் பரிமாற்ற நிலையைப் பாருங்கள், பல நேரம் தாமதமாக வந்து சேரும். வராவிட்டால் அந்தக் குறிப்பு எண்ணோடும் வங்கிக் கணக்கு விவரத் தாளோடும் அலுவலகத்தில் எழுத்தாக மனுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பின்னால் கேட்க ஆதாரம் இருக்காது.

அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தக்க காரணம் காட்டினால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பத்திரத்தைப் பெற 31-ஆம் பிரிவு இடம் தருகிறது. உடல்நலக் குறைவால் வர முடியாதவர்களையும் சிறையில் இருப்பவர்களையும் நேரில் வரச் சொல்லக் கூடாது என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அலுவலரோ அவர் அனுப்பும் ஆளோ போய் விசாரிக்க வேண்டும். மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே சார் பதிவாளரிடம் மனுக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டி நாள் வாங்குங்கள். இதைக் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி முடித்துவிட முடியாது, நேரில் போய்க் கேட்க வேண்டும். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் கைரேகை வைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தக் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதையே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அலுவலர் அவரைத் தனியாகக் கேட்பார், விருப்பத்தோடுதான் எழுதுகிறாரா என்று. கேட்கட்டும், அது அவருக்குப் பாதுகாப்பு.

நான் துபாயில் இருக்கிறேன். டோக்கனை இங்கிருந்தே போடலாமா?

டோக்கனைப் போடலாம், கைரேகையை அங்கிருந்து வைக்க முடியாது. நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம், நம் ஊர் வழக்கில் பவர், எழுதி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும், பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பவர் ஏஜென்ட் விற்கும்போது எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான உயிர்வாழ் சான்றும் கேட்பார்கள். நாளைக் குறிக்கும் முன் அதையும் தயார் செய்யுங்கள். வாங்குவதற்கு மட்டும் பவர் கொடுக்கிறீர்கள் என்றால் 'வாங்க' என்று மட்டும் எழுதுங்கள், பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

டோக்கனோடு போயும் பதிய மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசு நிலம் என்று பட்டியலில் இருந்தாலும், அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்தாலும் 22-ஏ பிரிவின்படி பதிய மாட்டார்கள். அங்கீகாரமற்ற மனையில் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவாகியிருந்ததா, மனையை முறைப்படுத்தித் தந்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்பதையெல்லாம் வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். மதிப்பு குறைவு என்று அலுவலர் நினைத்தால் அது மறுப்பு ஆகாது. பத்திரத்தைப் பதிந்து, மதிப்பை முடிவு செய்ய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ நடவடிக்கைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை நிலுவையில் வைப்பார்கள்.

காரணம் ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், 71-ஆம் பிரிவின்படி மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். 'நாளைக்கு வாங்க', 'மேலிடத்தில் கேட்கணும்' என்பது மறுப்பு ஆணை ஆகாது. அந்தத் தாள் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் 72-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் தர மறுத்தால் அதையே புகாராக எழுதி மாவட்டப் பதிவாளருக்கும், சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம்.

டோக்கன் வாங்கித் தர இரண்டாயிரம் கேட்கிறார்கள்.

சாதாரண டோக்கனுக்கு அரசு தனிக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. கணினியில் விவரம் ஏற்றும் உழைப்புக்குக் கூலி கேட்டால் கொடுங்கள், அதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். 'உள்ளே கொடுக்கணும்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள், லஞ்ச ஒழிப்புத் துறையில் சொல்லுங்கள்.

திருமணப் பதிவுக்கும் இதே தளமா?

ஆமாம். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அபராதத்தோடு 150 நாள் வரை. விண்ணப்பத்தைத் தளத்தில் நிரப்பி நாள் வாங்கலாம், ஆனால் இருவரும் சாட்சிகளும் நேரில் போக வேண்டும். கல்யாண அழைப்பிதழை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் என்றால் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, அதைக் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள்.

பதிவு முடிந்தது. பத்திரம் எப்போது கிடைக்கும்? பட்டாவுக்கு வேறு டோக்கன் போட வேண்டுமா?

சிக்கல் இல்லாத பத்திரத்தைப் பெரும்பாலும் அன்றைக்கே ஸ்கேன் செய்து தந்துவிடுவார்கள். கட்டடம் இருந்து, அதை அலுவலர் நேரில் பார்க்கும் களப்பணி பாக்கி என்றால் சில நாள் ஆகும். யார் வாங்கிக்கொள்வது என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அவரே போக வேண்டும். வாங்கியதும் வாசலைத் தாண்டும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் ஆவண எண்ணும் முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

பட்டாவுக்குத் தனி டோக்கன் கிடையாது. பதிவாகும்போதே பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தானாகப் போய்விடும். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் சீக்கிரம் மாறும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவுக் கட்டணத்தைப் பதிவின்போதே வாங்கிக்கொள்வார்கள், பிறகு நில அளவையர் வந்து அளந்த பின்தான் பட்டா. விண்ணப்ப எண் குறுஞ்செய்தியாக நீங்கள் கொடுத்த போனுக்குத்தான் வரும். அதை வைத்து வருவாய்த்துறையின் பட்டா தளத்தில் நிலையைப் பாருங்கள், நில அளவையர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.